கவரிங் கடையில் ஒரு வெறுங்கழுத்து

கவரிங் நகை விற்கிறவள் முதலில் தன் கழுத்தைக் காட்டி விற்க வேண்டும். வருகிறவர்களுக்கு ஆசை வருவது அதைப் பார்த்துத்தான். என் கழுத்தில் ஒன்றும் கிடையாது. காதிலும் இல்லை, நெற்றியிலும் இல்லை. எங்கள் சபையில் பெண்கள் நகை போடுவதில்லை. கல்யாணத்தன்றுகூடத் தாலி கிடையாது, ஜெபம்தான்.

அப்படியிருந்தும் கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரில் கவரிங் கடையில் நிற்கிறேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த புதிதில் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போனேன். ஐஸ் தண்ணீரில் விரல் வெந்துபோனது. அப்போது கிடைத்தது இந்த வேலை. தமிழ் பேச ஒரு ஆள் கடைக்காரருக்கும் வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் அரிசி லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் நானும் வேதப்புத்தகமும் மட்டும்தான். கால் கடுக்க நின்று, தான் தொடாத சரக்கை விற்றுப் பிழைக்கிறவர்கள் என்னைத் தவிரவும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

போட்டுக் காட்டுங்க

ஒரு அக்கா நெக்லஸ் கேட்டு வந்தார். பத்து மாதிரி எடுத்துப் பரப்பினேன். புறங்கையில் வைத்துக் காட்டினேன், வெல்வெட் பொம்மையின் கழுத்தில் மாட்டிக் காட்டினேன். "நீங்க போட்டுக் காட்டுங்க, அப்பத்தான் தெரியும்" என்றார். நான் போடுவதில்லை என்றேன். ஒவ்வாமையா என்றார். இல்லை, விசுவாசம் என்றேன். என்னையும் நெக்லஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"தன் ஓட்டல்ல தானே சாப்பிடாத முதலாளி மாதிரி இருக்கு. எனக்கு வேண்டாம்மா."

ஷீபாவின் கணக்கு

பக்கத்து மேசையில் ஷீபா. வைப்பின் தீவிலிருந்து படகில் வருகிறவள், ரோமன் கத்தோலிக்கப் பெண். அவள் கழுத்தில் சிலுவை வைத்த சங்கிலி, காதில் ஜிமிக்கி, கையில் ஜெபமாலை மோதிரம். இரண்டு பேரும் ஒரே கர்த்தரைத்தான் கும்பிடுகிறோம் என்று முதலாளியை நம்பவைக்க எங்களுக்கு வெகுநாள் பிடித்தது. மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து நான் கண்ணை மூடி ஜெபித்து முடிப்பதற்குள் அவள் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு என் மீன் துண்டை எடுத்துவிடுவாள். இந்த ஊரில் என்னிடம் உரிமையோடு திருடுகிற ஒரே ஆள் அவள்தான். அதனால் விட்டுவிடுவேன். ஒருநாள் மீனை மென்றுகொண்டே, கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள்:

"எனக்கு மாலையும் உண்டு, மாதாவும் உண்டு. சேச்சிக்கு ரெண்டும் இல்லா. பின்னெ எந்து சுகம்?"

வளைகாப்பு வளையல்

திருப்பூணித்துறையிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. மருமகளுக்கு வளைகாப்பு. தமிழைக் கேட்டதும் எனக்கும் சந்தோஷம், அவர்களுக்கும் சந்தோஷம். வளையல் தட்டை எடுத்து வைத்தேன். மாமியார் என் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். அப்புறம் தட்டை மெல்ல ஷீபா பக்கம் நகர்த்தினார். "தப்பா நினைக்காதம்மா, நல்ல காரியம். அந்தப் பொண்ணு எடுத்துக் குடுக்கட்டும்" என்றார்.

என்னைத் தாலி அறுத்தவள் என்று நினைத்துவிட்டார். காலையில்தான் என் வீட்டுக்காரர் பொள்ளாச்சியிலிருந்து போன் பண்ணி, தோசைக்குச் சட்னி சரியில்லை என்று புலம்பியிருந்தார். பின்பக்கம் போய் அவருக்குப் போன் பண்ணினேன். லாரி ஓட்டும்போது எடுக்க மாட்டார். மணி அடித்து அடித்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பி வந்தபோது ஷீபா தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாக்கு சொல்லியிருக்கலாம் அல்லே சேச்சி, சேட்டன் உண்டுன்னு?"

சாட்சி சொல்லும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது, ஸ்தோத்திரம். பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது, ஸ்தோத்திரம். நானும் எழ நினைப்பேன். கவரிங் கடை என்று ஆரம்பித்தால் அத்தனை தலையும் திரும்பும். கடையில் நான் சபைக்காரி, சபையில் நான் கடைக்காரி. கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது பாஸ்டரம்மா பக்கத்தில் வந்தார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

"போடுறது தப்புன்னா, அடுத்தவங்களுக்குப் போட்டுவிடுறது மட்டும் எப்படிம்மா சரி?"

பித்தளைக்கு என்ன பாவம்

எங்கள் முதலாளியை இக்கா, அதாவது அண்ணன், என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அஞ்சு நேரமும் தொழுகிறவர். மனசாட்சி என்றால் என்னவென்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஓணம் வருகிறது, என் மேசையில் வியாபாரம் மந்தம். ஒரே ஒரு செயின் போட்டுக்கொள், இல்லாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து மாடியில் பேக்கிங் என்றார். மாடியில் ஆளே கிடையாது. தகரக் கூரையும் அட்டைப்பெட்டிகளும்தான். மனிதக் குரல் கேட்கிற வேலை என்று சொல்லித்தானே இங்கே வந்தேன்! அவர் ஒரு செயினை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது தங்கமல்லல்லோ எஸ்தரே, பித்தளையல்லே? பித்தளைக்கு எந்து பாவம்?"

படகுத் தோடு

சனிக்கிழமை ஒரு அம்மாள் வந்தார். வெளுத்த சேலை, பொட்டில்லாத நெற்றி. ஷீபா சும்மா நின்றும் அவளைத் தாண்டி என்னிடம் வந்து உட்கார்ந்தார். கல் வைத்த சின்னத் தோடு வேண்டுமாம். "வீட்டில போட மாட்டேன். மருமக ஒரு மாதிரி பாப்பா. எர்ணாகுளத்துக்கு வேலைக்குப் போறேன். படகுல ஏறினதும் போட்டுக்கிட்டு, திரும்பி வர்றப்ப படகுத்துறை வந்ததும் கழட்டிருவேன்" என்று தணிந்த குரலில் சொன்னார். அப்புறம் என் கழுத்தைப் பார்த்து, "உனக்குச் சொல்லவா வேணும்? நீயும் என்ன மாதிரிதான்" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அவருக்கு ஆறுதல். ஆனால் பொய். உயிரோடிருக்கிற புருஷனைத் தலையாட்டிக் கொல்லவும் மனசு வரவில்லை. "இல்லம்மா, என் வீட்டுக்காரர் இருக்காரு. இது எங்க சபை வழக்கம்" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. தோட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கண்ணாடியை அவர் பக்கம் திருப்பினேன், தோட்டை என் கையாலேயே அவர் காதில் மாட்டினேன். பாஸ்டரம்மா கேட்ட கேள்வி அப்போது ஞாபகம் வந்தது. கை நிற்கவில்லை. அவர் வெகுநேரம் கண்ணாடியையே பார்த்தார்.

"பரவால்ல. நீ சிரிக்கல, அது போதும்."

மாடி

திங்கட்கிழமை செயினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாடி ஏறினேன். இக்கா திட்டவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். மேலே பஞ்சு, பிளாஸ்டிக் உறை, ஸ்டேப்ளர். கீழே ஷீபா பேரம் பேசுவதும் சிரிப்பதும் தரைப் பலகை வழியாகக் கேட்கும். மத்தியானம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். திருட ஆளில்லாமல் மீன் துண்டு மிஞ்சியது. கர்த்தாவே, நான் சரியாகத்தான் செய்தேனா என்று வாய்விட்டே கேட்டேன். கூரைமேல் காக்கை நடக்கிற சத்தம்தான் கேட்டது.

அந்த வாரக் கடைசியில் கீழே தெரிந்த குரல் ஒன்று கேட்டது. படகு அம்மாள். பலகை இடுக்கில் எட்டிப் பார்த்தேன்; கூடவே படகில் வருகிற இரண்டு பெண்கள், அவர்களும் பொட்டில்லாதவர்கள். ஷீபா தட்டை நீட்டியிருக்கிறாள்; வேண்டாம் என்றுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இக்கா படியடியில் வந்து நின்று கத்தினார்.

"எஸ்தரே, தாழெ வா! இவங்களுக்கு மாலை போடாத்த சேச்சிதான் வேணுமாம்!"

இப்போது கீழேதான் நிற்கிறேன். சபையில் மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை, நகை போடாத ஒருத்தி மூன்று பேருக்குத் தோடு மாட்டிவிட்ட சாட்சிக்கு ஸ்தோத்திரம் சொல்ல அங்கே எந்த வாய் திறக்கும்?