பெயருக்கு முன்னால் வைத்த சுழி

கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்க, அதன் முன்னால் டிசைன்காரர் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. வாங்கி வைத்த டீ ஆடை கட்டிக் கிடக்கும். அவர் தேடிய தப்பைச் செய்தவன் பின்னால் நின்று அட்டை அடுக்கிக்கொண்டிருந்த நான்தான். அப்போது அது எனக்கே தெரியாது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். காஞ்சிபுரத்தில் பட்டுத்தறிக்கு அட்டை குத்தும் கூடத்தில் வேலை செய்கிறேன். எந்த இழை எழும்ப வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்த அட்டைகளில் உள்ள ஓட்டைகள்தான். கணினியில் வரைந்த படத்தை ஓட்டைகளாக்க டிசைன்காரர் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். புரோகிராம் ஒன்றுதான், பெயர் இரண்டு. ‘நேர்’ என்று ஆங்கில எழுத்தில் அடித்துக் கூப்பிட்டால் படத்தை அப்படியே குத்தும். ‘திருப்பு’ என்று கூப்பிட்டால் தலைகீழாக்கிக் குத்தும். புடவையின் இரண்டு கரையிலும் யானையின் கால்கள் ஓரத்தைப் பார்த்து நிற்க இரண்டும் வேண்டும். எனக்குப் புரியாதபோது சொன்னார்: “ஒரே ஆளை வூட்ல அப்பான்றாங்க, வேலைல மேஸ்திரின்றாங்க. கூப்புட்ற பேருக்குத் தக்கன அவன் நடந்துக்கிறான் இல்ல? அந்த மாதிரிபா.”

பழைய கணினி கெட்டுப்போய்ப் புதியது வந்த வெள்ளிக்கிழமை, மகளின் காதுகுத்துக்காக அவர் மாகறல் போயிருந்தார். புரோகிராமை இரண்டு பெயரிலும் புதியதில் எடுத்து வைக்கும்படி போனில் சொன்னார். கற்பூரம் காட்டிவிட்டு உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டுக்குக்கூடப் பிள்ளையார் சுழி போடாமல் முதல் வரி எழுத மாட்டோம். புது இயந்திரத்தில் மொட்டையாகப் பெயரை எழுதக் கை வரவில்லை. இரண்டு பெயருக்கும் முன்னால் ‘உ’வுக்கு உரிய ஆங்கில எழுத்தைச் சேர்த்தேன். அப்படியே கூப்பிட்டேன். மறுப்புச் சொல்லாமல் இரண்டு கட்டு அட்டையும் குத்திக் கொடுத்தது.

அந்த அட்டைகள் ஒரு முகூர்த்தப் புடவைக்குப் போயின. யானை முழுதாகக் கண்ணுக்குத் தெரிவதற்குள் நெசவு ஒரு சாண் ஓடிவிட்டது. ஒரு கரையில் யானைகள் நின்றன. மறு கரையில் கால்களை உள்ளே நீட்டிக் கவிழ்ந்து கிடந்தன. நெய்த பட்டைப் பிரிக்க முடியாமல் அறுத்துத்தான் எடுத்தார்கள். பெண் வீட்டார் காதுக்கு அது எட்டியது. கல்யாணப் புடவையில் இப்படி ஆனால் விளங்குமா என்று வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

முதலாளி கூடத்துக்கு வந்து எல்லார் முன்னாலும் டிசைன்காரரைக் கேட்டார். “யானையைப் படுக்க வச்சிட்டியேயா. உன் புரோகிராம் இன்னா, சாவு வூட்டுக்கா டிசைன் போடுது?”

மூன்றாம் நாள் காலை டிசைன்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். “பேருக்கு முன்னாடி இது இன்னாபா?”

“சுழி,” என்றேன்.

சத்தமில்லாமல் சிரித்தார். சுழி சேர்ந்த பெயர் புரோகிராமுக்குத் தெரியவில்லை, தெரியாததை எல்லாம் ‘நேர்’ என்றே அது எடுத்துக்கொண்டது என்று விளக்கினார். “தெரியாத பேருன்னா யாருன்னு கேக்கணும். கேக்காம குத்திட்டுது. அப்பிடி எழுதுனவன் நான்தானே,” என்றார். அப்போதே திருத்தினார். சுழி இருந்தால் அதைத் தள்ளிவிட்டு மீதிப் பெயரைப் பார்க்கும். அதற்குப் பிறகும் தெரியாத பெயரென்றால் எதையும் குத்தாமல் நின்று, நேரா திருப்பா என்று கேட்கும். நான் எழுத்தை அழிக்கப் போனேன். “இருக்கட்டும் வுடுபா. அது இன்னா பாவம் பண்ணுச்சு,” என்றார்.

முதலாளி வந்து என்ன தப்பு என்று கேட்டார். “என் புரோகிராம்லதான் தப்பு. சரி பண்ணிட்டேன்.” டிசைன்காரர் என் பக்கம் திரும்பவில்லை. நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் முன்னாலும் எனக்குப் பேச்சு வராது என்பது உண்மைதான். ஆனால் அன்று வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது.

அவர் வேலைதான் போனது. யானையைக் கவிழ்த்தவர் என்று ஊரில் பெயராகிவிட்டது. வேறு எந்தக் கடையிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வாயில் காவலுக்குப் போனார். ஒரு வருடம் கழித்து அங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சு அடைத்துவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் போய், சுழி போட்டது நான்தான் என்று அவர் மனைவியிடம் சொன்னேன். அந்த அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“எப்பத்திலேர்ந்து தெரியும்ணே உங்களுக்கு?”

“அன்னிக்கே தெரியும்மா.”

மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தார். “சோத்துல உக்காரும்போதெல்லாம் கேட்டுக்கினே இருந்தேண்ணே. ஒயுங்கா ஒரு வேலை செய்யத் தெரியாத ஆளுக்கு கம்ப்யூட்டர் எதுக்குன்னு. பாதிச் சோத்துல எய்ந்து போவாரு. ஒரு நாள்கூட உங்க பேரை எடுக்கல.” பிறகு, கோபமே இல்லாத குரலில், “இனிமே வராதீங்கண்ணே,” என்றார்.

நான் போகவில்லை. கூடத்தில் இன்றும் அந்தப் புரோகிராம்தான் ஓடுகிறது. காலையில் சுழியோடு பெயரை அடிக்கிறேன். அட்டை சரியாகத்தான் வருகிறது.