உரிய வழியாகப் போன மனு

எங்கள் ஊராட்சி அலுவலக மேசையில் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம் கிடக்கும். ஊராட்சிச் சட்டப் புத்தகம். வாங்கியபோது பாதிக் கனம்தான் இருந்திருக்கும். சென்னையில் சட்டசபை ஏதாவது ஒரு பிரிவைத் திருத்தினால், செயலர் அண்ணாச்சி அதைத் துண்டுத்தாளில் குண்டு குண்டாக எழுதி, பழைய பிரிவின் ஓரத்தில் மைதாப் பசை தடவி ஒட்டிவிடுவார். ஒட்டி ஒட்டியே அது மூட முடியாமல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. "நம்ம ஊரு தலையெழுத்து அம்புட்டும் இதுக்குள்ளதான் இருக்கு தலைவரம்மா" என்பார். நான் சிரிப்பேன்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். பெண்களுக்கு ஒதுக்கிய முறை வந்தபோது நான் தலைவரானேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்தவள். அண்ணாச்சிதான் எல்லாம். புதன்கிழமைகளில் அரசிதழ் வரும். அன்று காலையிலேயே ராஜபாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்துவிடுவார். எங்கள் ஊருக்குச் சம்பந்தம் உள்ளதோ இல்லாததோ, ஒரு பக்கம் விடமாட்டார். சட்டசபை கூடும் நாட்களில் அவருக்குச் சோறு இறங்காது. ஊரில் அவரைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. அமைச்சர்கூட இம்புட்டுப் படிக்க மாட்டாரு என்பார்கள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அவர் வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வந்து, ஒரு தாளை என் முன்னால் வைத்தார். எங்கள் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்க அரசு எண்ணியிருப்பதாக அறிவிக்கை. கடைசிப் பத்தியில் ஒரு வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். ஆட்சேபணை உள்ளவர்கள், குறிப்பிட்ட நாளுக்குள் அரசுச் செயலாளருக்கு நேரடியாக எழுதலாம் என்பது அந்த வரி. அந்தக் கோட்டைப் போட்டவர் அவர்தான். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆறாது.

நகராட்சி என்றால் ரோடு வரும், விளக்கு வரும் என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மதினி முகம்தான் முன்னால் வந்து நின்றது. என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் பெண்சாதி. புருஷன் இல்லை, ஒரு கால் தாங்கித் தாங்கி நடப்பவள். மில்லில் அவளை எடுக்க மாட்டார்கள். கண்மாய்க்கரையில் முள் வெட்டும் நூறு நாள் வேலைதான் அவளுக்கு அடுப்பு எரிய வைத்தது. நகராட்சிக்குள் போய்விட்டால் அந்த வேலை கிடையாது, அது கிராமத்துக்கு மட்டும்தான். அவளைப் போல எங்கள் ஊரில் எத்தனையோ பேர்.

கிராமசபை கூட்டினோம். அவ்வளவு கூட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டு, மனு எழுதினோம். மதினிதான் முதல் ஆளாக வந்து பெருவிரலை மையில் அமுக்கினாள். "நல்லா விழுந்திருக்கா பாரு ஏட்டி, மெட்ராஸ்ல இருக்கவுகளுக்குத் தெளிவாத் தெரியணும்" என்றாள். நான்கு தாள் நிறைய ரேகை.

அன்றைக்கே ராஜபாளையம் தபாலாபீசில் பதிவுத் தபாலில் போட்டிருக்கலாம். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பவும் செய்தேன். அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார்.

"அப்படி நேராப் போடப்படாது தலைவரம்மா. ஒன்றிய ஆபீஸ் வழியா, கலெக்டர் ஆபீஸ் வழியாத்தான் போகணும். அதுதான் உரிய வழி."

"நேரடியா எழுதலாம்னு நீங்கதானே அண்ணாச்சி கோடு போட்டுக் குடுத்தீங்க?"

"அது பொதுசனத்துக்கு. நாம ஆபீஸு. நான் ஒருக்க கலெக்டருக்கு நேரா எழுதி மெமோ வாங்குனவன். ரெண்டு நாள் தூங்கல. இதுல ஒரு குத்தம் கண்டுபிடிச்சா மனுவையே தள்ளிருவாங்கம்மா."

அந்த மெமோ எந்தக் காலத்திலோ வந்தது. அதன் பயம் அவரை அப்போதும் விடவில்லை. சட்டத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் கண்டுபிடிக்கிற மனுஷன், தனக்கும் ஒரு உரிமை உண்டு என்று அதே சட்டம் சொன்னதை நம்பவில்லை. சரி, அவர்தான் பயந்தார். எனக்கு என்ன வந்தது? ஓட்டு வாங்கி வந்தவள் நான். ஒரு நகல் எடுத்து என் பெயரில் போட்டிருந்தால் எவன் எனக்கு மெமோ கொடுக்க முடியும்? பையை இறக்கி வைத்துவிட்டு, ஒன்றிய அலுவலகத்துக்கு அவர் எழுதிய முகப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு அவர் அங்கே நடையாக நடந்தார். ஒரு நாள் மேலே அனுப்பியாச்சு என்றார்கள். இன்னொரு நாள் ஃபைலில் இருக்கிறது என்றார்கள். அதிகாரி லீவு என்றார்கள். மதினி என்னைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் "பதிலு வந்துச்சா?" என்று கேட்பாள். கெடு முடிந்த அன்று அண்ணாச்சி அலுவலகத்துக்கு வந்து, சட்டப் புத்தகத்தைத் தொடாமலே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நாளில் இறுதி ஆணையும் வந்தது. ஆட்சேபணை எதுவும் வரப்பெறவில்லை என்று அதில் இருந்தது. அண்ணாச்சி அந்தத் தாளை ஒட்டவில்லை.

இன்று அந்தக் கட்டடத்தில் நகராட்சியின் குப்பை வண்டிகளை நிறுத்துகிறார்கள். அண்ணாச்சி மகள் வீட்டோடு போய்விட்டார். மதினி ஒரு கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுக்கிறாள், அதுவும் முகூர்த்தம் உள்ள நாட்களில்தான். என்னைப் பார்த்தால் இப்போதும் சிரிக்கிறாள். அவள் திட்டினால்கூடத் தேவலை.

பதிவேடுகளை நகராட்சியிடம் ஒப்படைத்த நாள்தான் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. சாக்குகளில் கட்டிக்கொண்டிருந்தோம். கூட்டிப் பெருக்க மதினியும் வந்திருந்தாள். அப்போது ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் கனமான உறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணாச்சி பிரித்தார். உள்ளே எங்கள் மனு. ஆட்சேபணைகளை அரசுக்கு நேரடியாக அனுப்ப வேண்டியிருப்பதால் திருப்பி அனுப்பப்படுகிறது என்று மேலே ஒரு சீட்டு குத்தியிருந்தது.

மதினி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். படிக்கத் தெரியாது, ஆனால் முதல் தாளின் முதல் ரேகை தன்னுடையது என்று தெரியும். அதன்மேல் விரலை வைத்தாள்.

"இது நான் வச்சதுல்லா? அப்ப மெட்ராசுக்குப் போகவே இல்லையா அண்ணாச்சி?"

யார் என்ன கேட்டாலும் பிரிவு எண்ணோடு பதில் சொல்கிறவர் அவர். "இல்ல தாயி" என்று மட்டும் சொன்னார்.