பெரிய சாவுக்கு வெடி இல்லை

ஞானசொர்ணம் டீச்சர் குரலை உயர்த்தினால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாடு மேய்ப்பவன்கூட எழுந்து நிற்பான். இலங்கைச் சண்டைக்குத் தப்பி அம்பாசமுத்திரம் பக்கத்து முகாமுக்கு வந்த பிள்ளைகளை, இடமில்லை என்றவர்களிடம் மல்லுக்கு நின்று தன் மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தவர் அவர்தான். அது தொண்ணூறாம் வருஷம்.

ஒரு நாள் வாய்ப்பாடு நடக்கையில் தெருவில் சவ ஊர்வலம் வந்தது. வெடி போட்டார்கள். கண்மூடித் திறப்பதற்குள் முகாம் பிள்ளைகள் பெஞ்சுக்கடியில் கிடந்தார்கள்.

"என்னலே சேட்டை? எந்திங்க எல்லாரும்!" என்று டீச்சர் அதட்டினார்.

துஷ்யந்தி என்ற சிறுமி தவழ்ந்து வந்து அவர் சேலையைப் பிடித்து இழுத்தாள். "நில்லாதேங்கோ டீச்சர், படுங்கோ!"

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெரிய உடம்போடு தரையில் படுத்து, விட்ட இடத்திலிருந்து ஏழாம் வாய்ப்பாட்டைத் தொடர்ந்தார். சத்தம் சற்று ஓய்ந்ததும் எழுந்து தெருவுக்குப் போனார்.

"அண்ணாச்சி, வெடிய நிறுத்துங்க."

"பெரிய சாவு டீச்சர். எங்கப்பாவ வெடி இல்லாம எப்படி அனுப்ப?" என்றார் ஆவுடையப்பன்.

"எம் பிள்ளைகள ஒருதரம் பாருங்க. பாத்த பெறவும் மனசு வந்தா போடுங்க."

ஆவுடையப்பன் கொள்ளிச்சட்டியோடு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து வெடியோடு கொட்டுமேளத்தையும் நிறுத்தச் சொன்னார்.

அதன்பின் கல்யாணமோ சாவோ, பள்ளியைத் தாண்டித்தான் வெடி. தூரத்தில் வெடித்தாலும் துஷ்யந்தி நிமிர்ந்து டீச்சரைப் பார்ப்பாள். அவர் நின்றுகொண்டிருந்தால் மறுபடி குனிந்து எழுதுவாள்.

அந்த வருஷம் முழுக்க டீச்சர் நாற்காலியில் உட்காரவே இல்லை.