ஃபயர்வால் போட்ட அன்று

ஊரார் வரவு செலவைப் பார்த்து வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பது அவருக்குத் தொழில். தெருவில் ஆடிட்டரம்மா என்றால்தான் தெரியும். வாய் கொஞ்சம் நீளம். அடுத்தவர் கணக்கில் பிழை அகப்பட்டுவிட்டால் அன்றைக்கெல்லாம் முகத்தில் தனிக் களை. கூடப் படித்த கணக்காளர் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் எவனோ புகுந்து அத்தனையையும் சுருட்டிக்கொண்டு போனான் என்று கேட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. ஃபயர்வால் பெட்டி ஒன்றை வாங்கி, டெக்னீஷியனையும் வரவழைத்துவிட்டார்.

மோடத்துக்கும் வைஃபை ரவுட்டருக்கும் நடுவில் டெக்னீஷியன் பெட்டியை இணைத்தார். இனி வெளியிலிருந்து எது வந்தாலும் இதனிடம் உத்தரவு வாங்கித்தான் உள்ளே வரும் என்றார். ஆடிட்டரம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வயருக்கும் விளக்கம் கேட்டுக் குடைந்தார். வழிகளை அடைப்பதற்கு முன், இப்போது என்னென்ன வந்து போகிறது என்று திரையில் பார்த்த டெக்னீஷியன் நெற்றியைச் சுருக்கினார்.

"மேடம், வெளியிலேர்ந்து யாரோ உங்க ஹால் கேமராவைப் பாக்கறாங்க. இப்பவும் பாத்துட்டிருக்காங்க."

ஆடிட்டரம்மா சட்டென்று புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். எங்கிருந்து என்று கேட்டார். டெக்னீஷியன் சொன்னது கடல் தாண்டிய ஒரு நகரம். மகள் வேலை பார்க்கும் நகரம்.

அந்தக் கேமராவை மாட்டியதே அவள்தான். வெளிநாட்டு வேலை வேண்டாம் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார், அவள் கேட்கவில்லை. தனியாக இருக்கப்போகிறவரை யார் பார்ப்பது என்று முணுமுணுத்தபடி ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினாள். அவள் கிளம்பும்போது வாசலில் இவர் சொன்ன சொல் கொஞ்சமல்ல. அதோடு பேச்சுவார்த்தை நின்றது. ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் அவளாக இருக்காதா என்று மனம் அடித்துக்கொள்ளும். யாராவது கணக்குச் சந்தேகம் கேட்பார். பாவம், அன்றைக்கு அர்ச்சனை அவருக்குத்தான்.

கேமரா என்றைக்கோ செத்துவிட்டது என்று நினைத்திருந்தார். திரும்பி அதை அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். கண் நிறைந்துவிட்டது.

"அதை மட்டும் விட்டுடுங்களேன்" என்றார்.

டெக்னீஷியன் ஒப்புக்கொள்ளவில்லை. அதே வழியில் திருடனும் வருவான். ஓட்டையை விட்டுவிட்டு ஃபயர்வால் போட்டு என்ன புண்ணியம்? பத்திரமான வேறு வழி உண்டு. ஆனால் அதற்கு அந்தப் பக்கம் இருப்பவரின் போனிலும் ஒரு ரகசியச் சாவியைப் பதிய வேண்டும்.

"அவங்ககிட்ட நீங்க பேசியாகணும். பேசறீங்களா, அடைச்சிடவா?"

ஆடிட்டரம்மாவின் வீம்பு ஊரறிந்தது. அது எங்கே போய் ஒளிந்ததோ, கை போனைத் தேடி எடுத்தது. முதல் மணியிலேயே மகள் எடுத்துவிட்டாள். இவர், பழைய வழியை அடைக்கிறார்கள், புதுச் சாவி அனுப்புவார்கள் என்று வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல் ஆரம்பித்தார். மகள் அதில் எதையும் காதில் வாங்கவில்லை.

"தினமும் பாப்பேம்மா. எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருப்பே. சாப்பாடும் அங்கேயே. உன் முதுகுதான் தெரியும்." குரல் உடைந்தது. "இன்னிக்குத்தான் திரும்பிப் பாத்தே."