மாமனார் பெயருள்ள பாஷை

அந்தப் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. அது என் மாமனார் பெயர். கடைத்தெருவில் அதே பெயரில் ஒரு மளிகைக்கடை இருந்தது. அதைக்கூட "முக்குக் கடை" என்றுதான் சொல்வேன். ஆரணியில் என் வயதுப் பெண்கள் பலரும் அப்படித்தான்.

எண்பதுகளின் தொடக்கம். என் கொழுந்தனார் மெட்ராஸில் ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னோடு வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரைக் கூட்டி வந்தார். அவருடைய தங்கை கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்க வேண்டும். புடவை எடுப்பது சீக்கிரமே முடிந்துவிட்டது. மாமனார் பக்கத்தில் சேத்துப்பட்டுக்குப் போயிருந்தார். இருவரும் கூடத்தில் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். விருந்தாளி முன்னால் வந்து நிற்பது எனக்கு வராது. அடுப்படியில் இருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கோபாலுக்கு வயசாயிடுச்சு சார். இன்னும் எத்தினி நாளு இழுத்துகினு போவீங்க?" இது இளைஞர்.

"ஆபீசுல அத்தினி பேருக்கும் சம்பளம் கோபாலாலதான்யா வருது."

"அதுக்காக பழசையே கட்டிகினு அழணுமா? வேண்டாதத வெட்டிடணும் சார்."

"கை வச்சுப் பாரு. எல்லாம் நின்னுபூடும்."

யாரோ வயதான கணக்குப்பிள்ளை, வேலையை விட்டு அனுப்பப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். இலை போட்டுச் சோறு வைக்கும்போது கேட்டேவிட்டேன்.

"தம்பி, அந்த... மாமா பேருக்காரரு, அவருக்கு புள்ளகுட்டி இருக்குதா? திடீர்னு நிறுத்தினா எங்க போவாரு?"

கொழுந்தனாருக்குப் புரை ஏறியது.

"ஆளு இல்ல அண்ணி. பாஷை. கம்ப்யூட்டருக்கு வேலை சொல்ற பாஷை, அதோட இங்கிலீஷ் பேரு அப்படித்தான் காதுல விழும்."

"பென்ஷன் வாங்கிக் குடுத்தே அனுப்பிடலாம்கா," என்றார் இளைஞர்.

நான் உள்ளே போய்விட்டேன். அதன் பிறகு சாம்பாருக்கும் மோருக்கும் மட்டும் வந்தேன். அப்போது காதில் விழுந்ததும், கொழுந்தனார் பிறகு சொன்னதும் சேர்ந்து விஷயம் இவ்வளவுதான்: அந்தப் பாஷையை இப்படித்தான் எழுத வேண்டும் என்று ஒரு சட்டம் உண்டாம். வெளிநாட்டில் அதைத் திருத்துகிறார்களாம். இவர்கள் ஆபீசும் கருத்துச் சொல்லலாமாம். பதிலை இருவரும் சேர்ந்து எழுதி மறுநாள் மேலதிகாரியிடம் கொடுக்க வேண்டும். இளைஞருக்கு எல்லாம் புதிதாக வேண்டும். கொழுந்தனாருக்குத் தான் வருஷக்கணக்காக எழுதி வைத்தது ஓடாமல் போய்விடுமோ என்று பயம்.

"அண்ணியவே பாரு," என்றார். "கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அப்பா பேரு அவங்களுக்கு சும்மா ஒரு பேரு. இந்த வூட்டுக்கு வந்த அன்னிக்கே வாயில வரக்கூடாதுன்னு ஆயிடுச்சு. இதுவும் அப்படித்தான். நான் ஒரு கணக்குக்கு ஒரு பேரு வச்சிருப்பேன். நாளைக்கு பாஷை அந்த வார்த்தைய தனக்குன்னு எடுத்துகிச்சுன்னா, என்னுது நின்னுபூடும்."

"அக்கா 'மாமா பேருக்காரரு'ன்னு மாத்திச் சொல்லி சமாளிக்கல? நீங்களும் மாத்திக்குங்க சார்."

"அவங்களுக்கு ஒரு பேரு. எனக்கு ஒரு பீரோ நிறைய. குந்திகினு தேடப்போறது நீயா, நானா?"

இளைஞர் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்கால பஸ்சுக்கு முன்னால் எழுதி முடித்தார்கள். புதுசு வரட்டும், பழசை எடுக்க வேண்டாம், புது வார்த்தை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று.

சில வருஷம் கழித்துத் திருத்தம் வந்தது. ஏறக்குறைய கொழுந்தனார் கேட்ட மாதிரியே. சில வார்த்தைகள் சேர்ந்தன. அவர் சில பெயர்களை மாற்றிக்கொண்டார், மற்றபடி எல்லாம் ஓடியது. அந்த இளைஞர் வேறு பாஷை படித்து வெளிநாடு போய்விட்டார். பழசைப் படிக்கத் தெரிந்தவர் ஆபீசில் கொழுந்தனார் ஒருவர்தான் என்றாகி, லீவு கிடைப்பதே பெரும்பாடாயிற்று. என் பெரிய பெண்ணின் மஞ்சள் நீராட்டுக்குக் காலையில் வந்தவர், சாப்பிட்டதும் பையை எடுத்தார்.

"என்னா தம்பி, அதுக்குள்ள?"

"நான்தான் கெலிச்சுட்டனே அண்ணி. கோபாலு வுட மாட்டேங்குது."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த மாமனார் தன் பெயரைக் கேட்டுக் குரல் கொடுத்தார். "நான் எப்படா வுடமாட்டேன்னேன்?"

கொழுந்தனார் செருப்பை மாட்டிக்கொண்டார்.