ஸ்டெல்லா டீச்சரின் அசையாத படம்

ஒரு கல்யாண வீடியோவில் தாலி கட்டும் காட்சிக்கு மேளச் சத்தத்தைப் பொருத்திக்கொண்டிருந்தபோது சூலக்கரையிலிருந்து ஸ்டெல்லா டீச்சரின் தம்பி கூப்பிட்டார். "அண்ணே, அக்கா காலையில ஜெபம் முடிச்சு எந்திரிக்கும்போது விழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." திரையில் மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

உங்களில் பலருக்கு அவர் கணக்கு டீச்சர். சிலருக்குச் சபைப் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று பாடியவர். எனக்கு அவர், வெறும் புகைப்படங்களை வைத்து ஒரு சினிமா எடுத்த கூட்டாளி. என்னைவிட ஆறு வயது இளையவர்.

விருதுநகரில் இருக்கும் என் எடிட்டிங் கடைக்கு அவர் முதலில் வந்தபோது, பட்டாசுத் தொழில் நடக்கும் எம். புதுப்பட்டியில் எடுத்த முந்நூறு படங்களைக் கொண்டுவந்திருந்தார். "இத வச்சு ஒரு கதை சொல்லணும்ணே. ஆனா ஒண்ணுகூட அசையக் கூடாது" என்றார். வீடியோவே எடுத்திருக்கலாமே என்றேன். முதலில் வீடியோ கேமராவோடுதான் போயிருக்கிறார். பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் அதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். பாண்டியம்மாள் என்ற பெண்தான் காரணத்தைச் சொல்லியிருக்கிறார்: "வீடியோல பேசுனா நாளைக்கே வேலைய விட்டு நிப்பாட்டிருவாக டீச்சர். போட்டோன்னா சும்மா சிரிச்சிட்டுப் போயிருவோம்ல."

அதிலிருந்துதான் டீச்சர் தன் படத்தின் வழியைக் கண்டுபிடித்தார். முகங்களைத் தனியாகப் படமெடுத்தார். குரல்களைத் தனியாகப் பதிவுசெய்தார். ஒருவர் முகத்தின் மேல் இன்னொருவர் குரலை வைத்தோம். "யார் சொன்னான்னு தெரியாது. சொன்னது மட்டும் நிக்கும்" என்பார்.

கல்யாண வீடியோவில் பழகிய என் கை இரண்டு நொடிக்கு ஒருமுறை படத்தை மாற்றிவிடும். பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வரும்: "பொறுங்கண்ணே. அவ கம்மலையே நான் இன்னும் பாக்கல."

படம் முடியும் தறுவாயில் அந்த விபத்து நடந்தது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் பாண்டியம்மாள். டீச்சர் மூன்று மாதம் என் கடைப் பக்கமே வரவில்லை. கடைசியில் பாண்டியம்மாளின் அம்மா செல்லத்தாய்தான் ஆள்விட்டுக் கேட்டார், அந்தப் படத்தை ஊரில் போட்டுக் காட்டச் சொல்லி.

ஞாயிறு மதியம் சமுதாயக் கூடத்து ஜன்னல்களில், பிழையாக அச்சான காலண்டர் தாள்களை ஒட்டி இருட்டாக்கினோம். எல்லாரும் தங்கள் படத்தைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் படத்தில் பாண்டியம்மாளின் குரல் வந்தது: "தீவாளிக்கு எங்க வீட்டுல வெடி போட மாட்டோம். அன்னைக்கு ஒரு நாளாச்சும் லீவு வேணும்ல!" பிறகு அவர் சிரிப்பு. திரையில் இருந்ததோ வேறொரு பெண்ணின் முகம்.

செல்லத்தாய் எழுந்துவிட்டார். "இது எம் மக குரலு. ஏன் இன்னொருத்தி மொகத்தக் காட்டுறீக? எம் புள்ள எங்க?"

டீச்சர் படத்தை நிறுத்திவிட்டுப் போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். அன்று அதற்கு மேல் படம் ஓடவில்லை.

அந்த வாரம் கடையில் எங்களுக்குள் வாக்குவாதம். எல்லாக் குரலும் மாறி வரும்போது ஒன்று மட்டும் பொருந்தி வந்தால் படத்தின் ஒழுங்கு குலைந்துவிடும் என்றேன். டீச்சர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "வேலை போயிரக் கூடாதுன்னுதானண்ணே குரல மாத்தி வச்சோம்? பாண்டியம்மாள இனி யாரு வேலைய விட்டு நிப்பாட்டப் போறா?"

மூக்கு நுனியில் பட்டாசு மருந்தின் வெள்ளி நிறப் பொடி ஒட்டியிருக்க, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பாண்டியம்மாள் சிரிக்கும் படத்தை எடுத்து, அவர் குரலை அவருக்கே கொடுத்தோம்.

மறுபடி போட்டுக் காட்டியபோது செல்லத்தாய் அழவில்லை. மகள் சிரித்த இடத்தில் தானும் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "பாத்தியா, சிரிச்சா கண்ண மூடிக்கிடுவா" என்றார். பின்னாளில் மதுரையில் ஒரு திரையிடலில் அந்தப் பெண்களைத் தெரிந்த ஒருவர், முகமும் குரலும் பொருந்தி வரும் அந்த ஓர் இடத்தில் மட்டும் தவறு நேர்ந்துவிட்டதா என்று கேட்டார். "அந்த ஒரு எடந்தான் சார் சரியா இருக்கு" என்றார் டீச்சர்.

டீச்சரின் அடக்கத்துக்குப் புதுப்பட்டிப் பெண்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் செல்லத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க குரலெல்லாம் புடிச்சு வச்சிருக்கீகளே, டீச்சர் குரலு இருக்காய்யா ஒங்ககிட்ட?"

யோசித்துப் பார்த்தேன். படத்தில் டீச்சர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து மூல ஒலிப்பதிவுகளைத் தேடினேன். ஒவ்வொன்றின் முடிவிலும் அவர் இருந்தார். எல்லாரிடமும் ஒரே கேள்வி: "பேசுனதெல்லாம் பதிவாயிருச்சு. வேண்டாம்னு தோணுச்சுன்னா சொல்லுங்க, இப்பவே அழிச்சிருவேன்." தேவையில்லாத பகுதி என்று அத்தனையையும் வெட்டியவன் நான்தான்.

பாண்டியம்மாளின் பதிவையும் கடைசிவரை கேட்டேன். டீச்சர் அதே கேள்வியைக் கேட்கிறார். எங்கோ ஒரு பாத்திரம் உருளுகிறது. பிறகு பாண்டியம்மாள் சொல்கிறார்: "அழிச்சிராதீக டீச்சர். இருக்கட்டும்."

அந்தப் பதிவை முழுதாகச் செல்லத்தாயின் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். இப்போதெல்லாம் யாரைப் படம் பிடித்தாலும், கிளம்புமுன் ஒருமுறை கேட்டுவிடுகிறேன்.