பக்கத்தில் கிடந்த ஃபைல்

கே.கே. நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எல்லா நோயாளிகளின் ரிசல்ட்டும் ஒரே டேட்டாபேஸ் ஃபைலில் இருக்கும். அன்று காலை பழைய பதிவுகளைப் பிரித்தெடுக்க ஸ்கிரிப்ட் என்ற சிறு புரோகிராம் ஒன்றை ஓட்டினேன். பதிவுகள் இருந்த டேபிள், அதாவது அட்டவணை, மிகப் பெரியது. வெகுநேரம் ஓடிவிட்டு, டேட்டாபேஸ் ‘லாக்’ ஆகியிருக்கிறது, அதாவது பூட்டியிருக்கிறது என்று காட்டி நின்றுவிட்டது. எரிச்சலில் திறந்திருந்த எல்லாப் புரோகிராமையும் வலுக்கட்டாயமாக நிறுத்தினேன். டேட்டாபேஸ் ஃபைலுக்குப் பக்கத்தில் கிட்டத்தட்ட அதே பெயரில் இன்னொரு ஃபைல் கிடந்தது. அதுதான் பூட்டு என்று நினைத்து அழித்தேன்.

அது பூட்டு இல்லை. புதிய பதிவுகள் பெரிய ஃபைலில் சேரும்வரை தங்கியிருக்கும் இடம். என் ஸ்கிரிப்ட் டேபிளைப் பிடித்துக்கொண்டிருந்ததால், காலையில் பதிந்த ரிசல்ட் எதுவும் பெரிய ஃபைலில் சேரவே இல்லை. எல்லாம் போய்விட்டது. சோதித்த ரத்தத்தையும் அதற்குள் கொட்டிவிட்டார்கள்.

கொட்டாம்பட்டியிலிருந்து வந்த ஓர் அக்கா ரிசல்ட்டுக்காக உட்கார்ந்திருந்தார்.

“கம்ப்யூட்டர்ல நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்க்கா. திரும்ப ரத்தம் எடுக்கணும்” என்றேன்.

“மறுபடியுமா தம்பி?” என்றார். பிறகு இன்னொரு கையை நீட்டினார். நரம்பு அகப்படவில்லை. நர்ஸ் இரண்டாம் முறை குத்தியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இப்போதும் எதையாவது அழிக்கப் போனால், நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. அன்றும் கேட்டிருக்கும். எனக்கு நினைவில்லை. அந்த அக்கா “மறுபடியுமா?” என்று கேட்டதுதான் நினைவிருக்கிறது.